ஏழாம் நாளுக்கு யார் காவல்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பு அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கிழமைகளுக்கு இடையே வேறுபாடு தெரிவதில்லை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளின் எந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. வெட்டிய கரும்பு ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஆகவே வெட்டு உத்தரவு எந்த நாளுக்கு வருகிறதோ அந்த நாளில் வெட்டியாக வேண்டும்; அது ஞாயிறா வெள்ளியா என்று யாரும் பார்ப்பதில்லை. விடியும் முன்பே கூட்டம் வயலில் இறங்குகிறது. தோகை கழித்து, நுனி சீவி, கட்டுக் கட்டி, தலையில் சுமந்து டிராக்டரில் ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூலி டன் கணக்கில். பலர் பருவம் தொடங்கும் முன்பே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர், "ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகணும்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். மேஸ்திரி சம்மதித்தாலும் சிக்கல் தீராது. அவர் விட்ட வேலை பக்கத்தில் நிற்பவர் தலையில் விழும். அன்றைய கூலி போகும். முன்பணக் கணக்கு நீளும். பக்தி உறுதியாக இருந்தாலும் இந்த மூன்று நெருக்கடிகளையும் ஒருவர் தனியாகத் தாங்கி நிற்பது கடினம்.

ஓய்வுநாளைக் காப்பது பற்றிச் சபைகளில் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் தனி மனிதரையே நோக்குகின்றன. போனை அணைத்து வையுங்கள், வேலைக்கு மறுப்புச் சொல்லப் பழகுங்கள், வழிபாட்டு நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் வேதாகமக் காலம் முதல் இன்றைய தொழிலாளர் சட்டம் வரை புரட்டிப் பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது: ஊரும் சட்டமும் சேர்ந்து வேலி போட்ட இடங்களில்தான் ஓய்வுநாள் நிலைத்திருக்கிறது. தனி ஆளின் வைராக்கியத்தை மட்டும் நம்பிய இடங்களில், விலை கொடுக்க வசதியுள்ள சிலருக்கு மட்டுமே அது மிஞ்சியிருக்கிறது.

வாயிலை அடைத்தவர்

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. இரண்டிலும் ஓய்வுநாள் கட்டளை உண்டு. காரணம் மட்டும் வேறு. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் படைப்பைக் காட்டுகிறது: கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமம் 5ஆம் அதிகாரம் எகிப்தைக் காட்டுகிறது: நீங்களும் அடிமைகளாக இருந்தவர்கள், அதனால் உங்கள் வேலைக்காரரும் உங்களைப் போலவே இளைப்பாற வேண்டும். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என்று பட்டியல் நீள்கிறது. வீட்டுத் தலைவன் மட்டும் ஓய்ந்திருந்தால் கட்டளை நிறைவேறியதாகாது.

இதை நடைமுறைப்படுத்தப் போராடியவராக வேதாகமம் காட்டுபவர் நெகேமியா. கிறிஸ்து பிறப்பதற்கு நான்கரை நூற்றாண்டுகளுக்கு முன், எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய ஆளுநர் அவர். ஓய்வுநாளில் சிலர் திராட்சை ஆலையை மிதிப்பதையும், கழுதைகள் மேல் தானியம் ஏற்றி வருவதையும், தீரு நகர வணிகர் மீன் விற்பதையும் பார்க்கிறார். மக்களுக்குப் பிரசங்கம் செய்ததோடு அவர் நிற்கவில்லை. முதலில் ஊர்ப் பெரியவர்களைக் கண்டிக்கிறார். பிறகு, ஓய்வுநாளுக்கு முந்தைய மாலை இருட்டத் தொடங்கியதும் நகரக் கதவுகளை அடைக்கச் சொல்லித் தம் ஆட்களைக் காவலுக்கு நிறுத்துகிறார். வணிகர்கள் ஓரிரு முறை மதிலுக்கு வெளியே இராத் தங்கிப் பார்க்கிறார்கள். எச்சரிக்கை வந்ததும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். சந்தையைத் திறந்து விட்டுவிட்டு, வாங்காதே என்று ஏழையிடம் மட்டும் சொல்வது பயன் தராது என்பது அந்த ஆளுநருக்குத் தெரிந்திருந்தது.

வேலி கெட்டிப்படும்போது அதுவே சுமையாவதும் உண்டு. ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகளை யூத ரபீமார் 39 வகைகளாகத் தொகுத்தார்கள். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடலாமா, நோயாளியைக் குணமாக்கலாமா என்ற வாதங்கள் இயேசுவின் காலத்தில் சூடாக நடந்தன. ஓய்வுநாள் மனிதனுக்காக ஏற்பட்டது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். இன்றும் மருத்துவமனைப் பணி, தீயணைப்பு, பால் கறவை, பிள்ளைப்பேறு ஆகியவற்றைப் பெரும்பாலோர் ஓய்வுநாள் மீறலாகப் பார்ப்பதில்லை.

ஞாயிறு அரசாங்க விடுமுறையான கதையும் கவனிக்கத்தக்கது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321 மார்ச் 7 அன்று ஞாயிறு ஓய்வுச் சட்டம் பிறப்பித்தார். நீதிபதிகளும் நகரவாசிகளும் பட்டறைத் தொழிலாளரும் அன்று ஓய்வெடுக்க வேண்டும். உழவர்களுக்கு மட்டும் விலக்கு. பருவம் தவறினால் விளைச்சல் போய்விடும் என்பது காரணம். 1,700 ஆண்டுகள் கழித்தும் கரும்பு வயலில் கேட்பது அதே காரணம்தான்.

கல்வராயன் மலையின் பாடம்

தன் நாள் தன் கையில் இல்லாதவருக்கு ஓய்வுநாள் என்ற சொல்லுக்கே பொருளில்லை. இதை விளக்கக் கள்ளக்குறிச்சிக்காரர்கள் எகிப்து வரை போக வேண்டாம். மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் கல்வராயன் மலையைப் பார்த்தால் போதும். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தார்கள். நாடு 1947இல் விடுதலை பெற்றது. மலை 1976இல்தான் ஜாகீர்தாரர்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. அதுவரை ஜாகீர்தாரரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கொடுப்பது மலைமக்களின் கடமையாக இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்தியச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான்.

அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்ததும் ஓய்வு தானாக வந்துவிடவில்லை. மரவள்ளியும் சாமையும் நெல்லும் விளையும் மலை அது. கடுக்காய் பொறுக்குவதும் ஒரு வருமானம். அது போதாதபோது குடும்பம் குடும்பமாக மலையிறங்கி வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்வுநிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, பிழைப்பு என அடிப்படைத் தேவைகளே அந்த வழக்கில் பேசுபொருளாயின. வெளியூரில் தங்கி உழைக்கும் குடும்பத்துக்கு எந்த நாளில் வேலை நிறுத்துவது என்பதை முதலாளியே முடிவு செய்கிறார். மலையின் தெய்வமான கரியராமனைக் கும்பிடவும், ஊர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கவும், அவர்களில் சிலர் சேர்ந்திருக்கும் சபைகளில் ஞாயிறு வழிபடவும் அவர்கள் முதலாளியின் அனுமதியையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் ஊர்களின் சொந்த வேலி

வழிபாட்டுக்காக வேலையை நிறுத்தும் பழக்கத்தைக் கிறிஸ்தவம்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று நினைப்பது தவறு. மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். காப்புக் கட்டிய நாள் முதல் திருவிழா முடியும் வரை ஊரார் வெளியூரில் இராத் தங்குவதில்லை. புது வேலை தொடங்குவதில்லை. பல ஊர்களில் கல்யாணப் பேச்சுகூட எடுப்பதில்லை. வெளியூர் போனவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். "ஊர்ல காப்புக் கட்டியிருக்கு" என்று ஒருவர் சொன்னால் முதலாளியும் கடன்காரரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டிய விடுப்பை ஊர்க் கட்டு தானாகவே வாங்கிக் கொடுத்துவிடுகிறது.

அமாவாசையும் அப்படித்தான். தச்சர், கொத்தனார் முதலான கைவினைத் தொழிலாளர் அன்று கருவியைத் தொடாத வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் பல இடங்களில் உண்டு. அன்று ஏர் பூட்டாத ஊர்களும் இருந்தன. மாட்டுப் பொங்கலன்று உழவு மாட்டின் கழுத்தில் நுகம் ஏறாது. உபாகமப் பட்டியலில் மாடும் கழுதையும் இடம்பெற்ற காரணத்தைத் தமிழ் உழவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இசுலாமியரின் வெள்ளிக்கிழமை இன்னொரு வகை வேலி. ஜும்ஆ தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வணிகத்தை விட்டுவிட்டு வரச் சொல்லும் குர்ஆன், தொழுகை முடிந்ததும் பிழைப்பைத் தேடிக் கலைந்து போகவும் சொல்கிறது. நாள் முழுவதும் நிறுத்த இயலாதவர்களுக்கு, நிச்சயமான ஒரு வேளையை மட்டும் பிசகாமல் காக்கும் இந்த முறையில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சனியா, ஞாயிறா?

எந்த நாள் என்ற கேள்வியில் தமிழ் மண்ணிலேயே ஒரு சபை தனி வழி போயிருக்கிறது. இன்றைய தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் ஆங்கிலிக்கன் மிஷனரியோடு முரண்பட்ட அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1857இல் பக்கத்துப் பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டார். இந்துக் கிறிஸ்தவ சபை என்று அது அறியப்பட்டது. வெள்ளையர் பணமோ அதிகாரமோ அதற்கு வேண்டியிருக்கவில்லை. வேதாகமத்தின் ஏழாம் நாள் சனிக்கிழமைதான் என்று சொல்லி அவர்கள் சனியைக் கைக்கொண்டார்கள்; யூத முறையை ஒட்டிப் பண்டிகைகளையும் வகுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் தோன்றிய ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையின் மிஷனரி ஜே. எஸ். ஜேம்ஸ் 1908இல் அங்கே வந்தபோது, சனிக்கிழமையை ஆசரிக்கும் தமிழர்கள் ஏற்கெனவே அங்கு இருந்தார்கள்.

கிழமையை ஆளும் அதிகாரம் அரசியல் அதிகாரமும் ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 1966இல் அங்கே சனி, ஞாயிறு வார விடுமுறை நீக்கப்பட்டு, நிலவின் பிறைக் கணக்கில் வரும் போயா நாளும் அதற்கு முந்தைய நாளும் விடுமுறையாயின. பௌத்த வழிபாட்டுக்கு மதிப்பளிக்க எடுத்த முடிவு அது. ஆனால் கிறிஸ்தவர்களின் ஞாயிறு வேலை நாளானது. வாரத்தின் நீளமே மாறி மாறி வந்ததால் வெளிநாட்டு வணிகமும் தடுமாறியது. 1971இல் ஞாயிறு விடுமுறை திரும்பி வந்தது. முழுநிலவுப் போயா மட்டும் பொது விடுமுறையாக இன்றுவரை நிற்கிறது.

சோவியத் ஒன்றியம் இதைவிடத் துணிச்சலான சோதனை செய்தது. 1929இல் ஆலைகள் ஒரு நாளும் நிற்காமல் ஓடுவதற்காக ஐந்து நாள் வாரம் வந்தது. தொழிலாளரைப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாள் ஓய்வு. ஓய்வு நாள்களின் எண்ணிக்கை முன்பைவிடக் கூடியது. ஆயினும் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள், பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் என்றானதால் குடும்பம் ஒன்றாக உட்காரவோ தேவாலயத்தில் கூடவோ வழியில்லை. மக்கள் வெறுத்தார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் திரும்பின. தூங்கி எழுவதற்கு ஆளுக்கொரு தனி நாள் போதும். ஆனால் வழிபாட்டுக்கும் உறவுக்கும் எல்லாருக்கும் பொதுவான ஒரு நாள் வேண்டும். சுழற்சி விடுப்பை மட்டும் பரிந்துரைப்பவர்கள் இந்த அனுபவத்தை மனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டம் தந்ததும் தராததும்

இந்தியத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை வெள்ளையரின் கருணையால் கிடைத்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது கேட்டுப் போராடிப் பெற்றது. பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டே, ஜோதிராவ் புலேவின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர். 1884 முதல் வார விடுமுறைக்காக மனுக்களும் கூட்டங்களும் நடத்தினார். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்கு உரிய நாள் என்பதும் அவர் காட்டிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. மறு ஆண்டே, 1891 தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டமாக்கியது.

தொழில்துறை வார ஓய்வுக்கான 1921ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1923இலேயே ஏற்றது. 1942இல் வார விடுமுறைச் சட்டமும், 1947இல் தமிழ்நாட்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டமும், 1948இல் தொழிற்சாலைச் சட்டமும் வந்தன. 1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வாரம் ஒரு நாள் ஓய்வையும் அந்த நாளுக்கான ஊதியத்தையும் வகுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் வாரத்துக்கு ஆறு நாள் என்ற வரம்பு இருக்கிறது.

காகிதத்தில் வேலி உறுதியாகவே தெரிகிறது. ஆனால் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறது என்று பார்த்தால் கள்ளக்குறிச்சியின் உழைப்பாளிகளில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். கரும்பு வெட்டும் கூட்டம், மரவள்ளி பிடுங்கும் பெண்கள், வீட்டு வேலை செய்பவர்கள், லாரியில் சுமை ஏற்றுபவர்கள், கைப்பேசிச் செயலி வழியே உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் ஆகியோருக்கு வருகைப் பதிவேடு இல்லை; ஆய்வுக்கு வரும் அதிகாரியும் இல்லை. ஓய்வு என்றால் அன்று கூலி இல்லை.

கடைகளுக்கான வேலியும் தளர்ந்திருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர் வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கத் தமிழ்நாடு அரசு 2019இல் அனுமதித்தது. 2022இல் அதை நீட்டித்தது. ஒவ்வொருவருக்கும் சுழற்சியில் வாரம் ஒரு நாள் விடுப்பு என்பது நிபந்தனை. அதே நேரம், எதிர்த்துக் குரல் கொடுத்தால் வேலி நிற்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

வெளிநாட்டு நீதிமன்றங்களின் இரண்டு தீர்ப்புகள் இங்கு ஒப்பிடத்தக்கவை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் கால ஞாயிறுகள் நான்கிலும் கடை திறக்க அனுமதித்த பெர்லின் சட்டத்தை ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 டிசம்பர் 1 அன்று தள்ளியது. அந்த நாட்டு அரசியலமைப்பு ஞாயிறை ஓய்வுக்கும் ஆன்மிக மேன்மைக்கும் உரிய நாளாகக் காக்கிறது. அமெரிக்காவில் ஞாயிறு அமேசான் பொதி வினியோகத்துக்கு மறுத்து வேலையை விட்ட அஞ்சல் ஊழியர் ஜெரால்டு கிராஃப் வழக்கில், 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: ஊழியரின் வழிபாட்டு நாளுக்கு இடம் தர மறுக்கும் நிறுவனம், அதனால் தன் தொழிலுக்குப் பெரும் சுமை ஏற்படுவதைக் காட்ட வேண்டும். அந்த வழக்கிலும் அவர் விட்ட ஞாயிறுகள் சக ஊழியர் தலையில் விழுந்தன. ஜெர்மனியின் வேலி எல்லாருக்கும் பொதுவானது. அமெரிக்காவினுடையது ஒருவர் வழக்காடிப் பெறுவது.

வீட்டுக்குள் திறந்திருக்கும் கதவு

வேலைத்தலத்தைப் பற்றிப் பேசும்போது சமையலறை மறந்துபோகிறது. ஞாயிறு என்றால் கறி எடுத்து, மசாலா அரைத்து, விருந்தினரைக் கவனித்து, வாரத் துணி துவைத்து முடிப்பதற்குள் பெண்களுக்கு மற்ற நாள்களைவிட வேலை கூடிவிடுகிறது. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். உபாகமப் பட்டியலில் வேலைக்காரிக்கும் இடமுண்டு என்று படிக்கும் குடும்பத்தில், ஆராதனை முடிந்ததும் ஆண்கள் திண்ணையில் அமர, பெண்கள் அடுப்படிக்கு ஓடுவது பொருந்தாது. சனிக்கிழமையே சமைத்து வைப்பதும், ஞாயிறு பாத்திரத்தை ஆண்கள் கழுவுவதும் யாரிடமும் அனுமதி கேட்காமல் இந்த வாரமே தொடங்கக்கூடிய காரியங்கள்.

பிள்ளைகளின் ஞாயிறையும் தேர்வுகள் எடுத்துக்கொள்கின்றன. நீட் தேர்வு ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. அரசுப் பணித் தேர்வுகளும் தனியார் பள்ளிகளின் சிறப்பு வகுப்புகளும் வார இறுதியைக் குறிவைக்கின்றன. சனியை ஆசரிக்கும் அட்வென்டிஸ்டு மாணவர்களுக்குச் சனிக்கிழமைத் தேர்வுகளால் வரும் நெருக்கடி இன்னும் பழையது.

எங்கே தொடங்குவது?

சபைகள் தங்கள் நேரத்தை உழைப்பாளியின் நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கத்தோலிக்கத் திருச்சபை சனி மாலைத் திருப்பலியை ஞாயிறுக் கடமைக்கு ஏற்கிறது. சீர்திருத்தச் சபைகளிலும் அரவைப் பருவத்தில் விடியற்கால ஆராதனை ஒன்றும் இருட்டிய பின் ஒன்றும் வைப்பதற்குத் தடை ஏதுமில்லை. காலை பத்து மணி ஆராதனை மட்டுமே இருந்தால் அது மாதச் சம்பளக்காரருக்கான ஏற்பாடாகவே நிற்கும்.

ஆலை நிர்வாகமும் மேஸ்திரிகளும் பருவம் தொடங்கும் முன்பே வாராந்திர முறை வகுக்கலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் வெட்டு உத்தரவு இல்லை என்று அட்டவணையிலேயே எழுதி, கூட்டம் முழுவதுக்கும் சேர்த்தே அந்த நாளைத் தரலாம். அப்போது யாருடைய வேலையும் பக்கத்து ஆளின் தலையில் விழாது. பெரும்பான்மையினர் விரும்பும் வழிபாட்டு நாளைக் கேட்டு வைத்தால், ஓய்வும் ஆராதனையும் ஒரே நாளில் அமையும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு காரியம் இருக்கிறது. அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஞாயிறோ சனியோ வெள்ளியோ, ஒரு நாளைப் புனிதமாகக் கொண்டாடும் குடும்பங்களில் பலர் தாங்களும் முதலாளிகள். வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வருகிறார். கடையில் ஒரு பையன் நிற்கிறான். வயலில் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள், கூலி பிடிக்காமல், அவர்கள் கேட்கும் நாளிலேயே விடுப்புக் கொடுங்கள். தங்கள் வழிபாட்டு நேரத்துக்காகக் குரல் எழுப்பும் சபை, முதலில் தன் உறுப்பினர்களிடம் வேலை செய்பவர்களுக்கு இந்த நாள் கிடைக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்யட்டும். வரும் அரவைப் பருவத்துக்குள் இதைச் செய்து முடிக்கட்டும்.